வழக்கம்போல் இருக்கவும்

“கழட்டுய்யா அத்த! பொட்டியக் கழட்டி வெளியில வச்சிட்டு அப்புறம் ஆள உள்ள அனுப்பு!”

“அம்மா, ஆளையும் பெட்டியையும் பிரிக்கக் கூடாதும்மா. ரூல்ஸ்.”

“எந்த ஊரு ரூல்ஸு? என் புருசன் என் ஊட்டுக்குள்ள வர்றதுக்கு நீ யாருய்யா ரூல்ஸ் சொல்ல?”

“நான் உடன்செல் அலுவலர்மா. இவர் எங்க போனாலும் நானும் கூடப் போகணும்.”

“எங்க போனாலுமா?” என்று கேட்டுக்கொண்டே சின்னப்பொண்ணு விளக்குமாற்றை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினாள்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில் அந்நேரம் வேலை வெட்டி எல்லோருக்கும் இருந்தது. ஆனாலும் எல்லோரும் வெளியில்தான் நின்றோம். வாசற்படிக்கு அந்தப் பக்கம் சின்னப்பொண்ணு. இந்தப் பக்கம் வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, கையில் அட்டை பென்சிலோடு மணவாளன் என்கிற பையன். இருவருக்கும் நடுவில் சின்னப்பொண்ணின் புருஷன் குப்புராஜ். அவன் தோளிலிருந்து தோல்வாரில் ஒரு கறுப்புப் பெட்டி தொங்கியது. பெட்டியிலிருந்து ஒயர்கள் கிளம்பிச் சட்டைப் பித்தான்களுக்கு நடுவே புகுந்து நெஞ்சுக்குப் போயின. இடது கையில் ரப்பர் பட்டை. அதிலிருந்து ஒரு குழாய். குழாயின் முனையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு ரப்பர் பந்து. கல்யாணத்துக்கு ஜோடித்து வைத்த மின்சாரக் கம்பம் மாதிரி நின்றான்.

சின்னப்பொண்ணு மேலும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோது குப்புராஜ் மெதுவாக, உதடு அசையாமல் சொன்னான்:

“கத்தாதடி. அதுல வுழுந்துரும்.”

சின்னப்பொண்ணு வாயை மூடினாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி நாங்கள் பார்த்ததில்லை. பெட்டி ஏதோ பெரிய விஷயம்தான் என்று அப்போதுதான் தெருவுக்குப் புரிந்தது.

இது எழுபத்தெட்டாம் வருஷம். எமர்ஜென்சி முடிந்துவிட்டது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். பேப்பரில் போட்டதாலேயே எங்கள் தெருவில் பாதிப் பேர் அதை நம்பவில்லை. அப்படிப்பட்ட காலத்தில் ஒருத்தன் நெஞ்சில் டேப் ஓடும் பெட்டியைக் கட்டி அனுப்பினால் என்ன நினைப்பது?

குப்புராஜ் கம்பி ஆலையில் உலைக்குப் பக்கத்தில் வேலை. இரும்பு உருகும் இடத்தில் அவனும் சேர்ந்து உருகுவான். வேலை தற்காலிகம். கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கிய தற்காலிகம், இரண்டு பிள்ளைகள் பெற்ற பிறகும் தற்காலிகமாகவே இருந்தது. ஒருவழியாக நிரந்தரம் ஆக்குகிறோம் என்று சொன்ன மாசத்தில், உலைக்கு முன்னால் தலை சுற்றி விழுந்துவிட்டான். தண்ணீர் தெளித்தார்கள். எழுந்தான். எழுந்தவன் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்திருந்தால் கதையே இல்லை. “நெஞ்சு ஒரு மாதிரி திக்குது சார்” என்று சொல்லித் தொலைத்தான்.

ஆலையின் பர்ஸனல் ஆபீசர் ஜெயராஜ் அவனைக் கூப்பிட்டு நிலைமையை விளக்கினார். நெஞ்சில் கோளாறு இருந்தால் உலை வேலைக்கு லாயக்கில்லை, வீட்டுக்குப் போகலாம். நெஞ்சில் கோளாறு இல்லையென்றால் விழுந்தது நடிப்பு. அதற்கும் வீட்டுக்குப் போகலாம். எது என்று தீர்மானிக்காமல் அனுப்புவது நியாயமில்லை என்பதால் நல நிலையத்துக்குப் போகச் சொன்னார். வீட்டுக்குப் போவதென்றால் இங்கே வாடகை வீட்டுக்கு அல்ல. ஆர்.கே.பேட்டையில் மாமனாரின் ஓட்டு வீட்டுக்கு, யாரோ ஒருத்தர் நிலத்தில் கடலைக்குக் களை பறிக்க. மாமனார் வாய் எப்படிப்பட்டது என்பதை மகளை வைத்தே ஊகித்துக்கொள்ளலாம்.

நல நிலையத்தின் முழுப்பெயர் ‘தொழிற்பேட்டை இருதயக் கண்காணிப்பு மற்றும் இரத்த அழுத்தப் பதிவு நல நிலையம்.’ கட்டடத்தைவிடப் பலகை நீளம். ஆலைகளெல்லாம் சேர்ந்து ஆரம்பித்தது. உள்ளே ஒரே ஒரு பெட்டி. கடல் தாண்டி வந்தது. தலைமை டாக்டர் ஸம்பத்குமாரும் மூன்று வாரம் கடல் தாண்டி இருந்துவிட்டு வந்தவர். அவர் அண்ணன்மார் திருவள்ளூர்க் கோயிலில் பெருமாளுக்குக் கைங்கரியம் செய்கிறவர்கள். இவர் பெட்டிக்குச் செய்தார். காலையில் அறையைத் திறப்பதும், பட்டுத்துணியை விலக்குவதும், ஒயர்களைத் துடைத்து இடம் வலமாக அடுக்குவதும் பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருக்கும் என்பார்கள். செருப்போடு யாரும் அந்த அறைக்குள் போக முடியாது. நெஞ்சுவலிக்காரர்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கதவு திறக்கும்போது எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். பாதிப் பேருக்கு அதிலேயே கொஞ்சம் தேவலாம்போல் இருந்ததாம்.

குப்புராஜுதான் முதல் போணி. அதனால் விழா வைத்தார்கள். திருவள்ளூரிலிருந்து யதிராஜன் என்று ஒரு மேலதிகாரி வந்து தலைமை வகித்தார். சட்டையில்லாமல் குப்புராஜை மேடையில் நிற்க வைத்து, நெஞ்சு முடியைச் சிரைத்து, ஒயர்களை ஒட்டினார்கள். அப்புறம் டாக்டர் பேசினார்.

“அன்பார்ந்த தோழர்களே! மனிதனுக்கு இதயம் இருக்கிறது என்று நாம் நெடுங்காலமாக நம்பி வந்திருக்கிறோம். நம்பிக்கை போதாது. பதிவு வேண்டும்! இதுவரை நோயாளி சொன்னதைக் கேட்டு மருத்துவம் செய்தோம். எவ்வளவு ஆபத்து! நோயாளிக்கு ஒரு சுயநலம் இருக்கிறது. குணமாக வேண்டும் என்கிற சுயநலம். பெட்டிக்கு அப்படி எதுவும் கிடையாது. நெஞ்சு துடிப்பதை டேப் பதியும். கைப்பட்டைக்குள் சின்னதாக ஒரு மைக் இருக்கிறது. ரத்தம் ஓடும் சத்தத்தை அது கேட்கும். அணுவளவும் தப்பாது. ஆகவே இனிமேல் இந்த நிலையத்தில் நோயாளி வாய் திறக்க வேண்டிய அவசியமே இராது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்!”

கைதட்டல். அதற்கு நடுவில் யதிராஜன் குப்புராஜின் தோளுக்கு மேலாகக் குனிந்து, “ஸ்டோர்கீப்பர் போஸ்ட் ஒண்ணு போடப்போறேளாமே, என் மாப்பிள்ளை சும்மாத்தான் இருக்கான்” என்று டாக்டரிடம் சொன்னதைக் குப்புராஜ் கேட்டான். பெட்டியும் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

மைக் என்று டாக்டர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் வித்து. மாரியம்மன் கோயில் திருவிழாவில் மைக் பார்த்த ஊர் எங்கள் ஊர். மைக் எதற்கு என்று எங்களுக்குத் தெரியாதா?

வெளிநாட்டில் பெட்டியை ஒரே ஒரு நாள்தான் மாட்டுவார்களாம். நம் ஜனங்களின் இதயத்தை ஒரு நாளில் நம்ப முடியாது என்று டாக்டர் ஒரு வாரம் வைத்தார். தினமும் காலையில் டேப்பை மாற்றிச் சீல் வைப்பார்கள். கடைசியில் மொத்தத்தையும் மதராஸுக்கு அனுப்பிப் படித்து வாங்க வேண்டும். படிக்கும் இயந்திரம் அங்கேதான். அந்த ஒரு வாரமும் குளிக்கக் கூடாது. மணவாளன் கைதட்டும்போதெல்லாம் குப்புராஜ் ரப்பர் பந்தை அமுக்கிக் கைப்பட்டைக்குக் காற்று ஏற்ற வேண்டும். மற்றபடி ஒரே ஒரு உத்தரவு, அச்சடித்துக் கொடுத்தார்கள்: ‘நோயாளியும் சுற்றியிருப்போரும் வழக்கம்போல் இருக்கவும்.’

சுற்றியிருப்போர் நாங்கள்.

லட்சுமியம்மாள் குப்புராஜ் குடியிருந்த வரிசை வீடுகளுக்குச் சொந்தக்காரி. விடிந்ததும் கைபம்பு அருகில் நின்று, யார் எத்தனை குடம் பிடிக்கிறார்கள் என்று பார்த்து வரிசையாக எல்லோருடைய தாய்வழியையும் விசாரிப்பது அவள் பூஜை. மறுநாள் காலை குப்புராஜ் பெட்டியோடு பம்புக்கு வந்தான். லட்சுமியம்மாள் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள்.

“வா நைனா, வா! இன்னும் ரெண்டு கொடம் புடிச்சிக்கோ. தண்ணி இன்னா என் அப்பன் ஊட்டுச் சொத்தா?”

பின்னால் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லட்சுமியம்மாள் தன் மகள் முத்தம்மாவை வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டு, “அந்த ஆபீசர் தம்பிக்கு ஒரு டீ போட்டுக் குடுடி, பாவம் நின்னுக்கினே கீறாரு” என்றாள். முத்தம்மா டீ கொண்டுவந்தாள். மணவாளன் அட்டையில் ‘நோயாளி தண்ணீர் பிடித்தார்’ என்று எழுதிக்கொண்டிருந்தவன் அதற்கப்புறம் நெடுநேரம் எதுவும் எழுதவில்லை.

ஆதிகேசவன் டீக்கடையில் காலை வேளையில் சர்க்கார் கவிழாத நாள் கிடையாது. குப்புராஜ் நாஷ்டா பண்ண வந்து உட்கார்ந்ததும் பெஞ்சில் இருந்த நாலு பேரும் தினத்தாளை மடித்தார்கள். ஆதிகேசவன் பாய்லருக்குப் பின்னாலிருந்து, ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினான்.

“சக்கர வெலை, ஏறினாலும், நல்ல காரணத்துக்காகத்தான் ஏறுது.”

“ஆமா ஆமா.”

“நம்ம தொழிற்பேட்டையால, ஊருக்கே வெளிச்சம்.”

“வெளிச்சம்னா வெளிச்சம். கண்ணு கூசுது.”

அதே நேரத்தில் பெஞ்சுக்கு மேலே தெருவிளக்குக் கம்பம் மூணு மாசமாக எரியாமல் நின்றுகொண்டிருந்தது. ஆதிகேசவனுக்கு அப்போதுதான் யோசனை வந்திருக்க வேண்டும். வெளியே வந்தான். வேட்டியை இறக்கிவிட்டான். குப்புராஜின் நெஞ்சைப் பார்த்துக் கும்பிட்டான்.

“ஐயாமாருங்களே! கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பின்னாடித் தெரு, டீக்கட ஆதிகேசவன் பேசறன். லைட்டு எரியலீங்க. குத்தமா சொல்லல. சும்மா காதுல போட்டு வைக்கறன்.”

அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்கப்புறம் குப்புராஜ் தெருவில் பத்தடி நடக்க முடியவில்லை. ரேஷன் கடையில் அரிசி புழுத்திருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். மகனுக்கு வேலை கேட்டு ஒருவர் சொன்னார். எளாவூர்ப் பக்கமிருந்து கலியன் என்கிற விவசாயி மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தார். சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்துப்போன ஒரு பிடி வயல் மண்ணைத் துண்டில் முடிந்து கொண்டுவந்திருந்தார்.

“நல்லாக் கேளுங்க சாமி. ஆலைத் தண்ணி பூந்து நாலு காணி நெல்லு கருகிப்போச்சு. எத்தினி ஆபீஸு ஏறி எறங்கிட்டன். ஒருத்தனும் உக்காருன்னு சொல்லல. இத்தப் பாருங்க மண்ண!” என்று துண்டை அவிழ்த்துக் குப்புராஜின் விலாவுக்கு நேராகக் காட்டினார்.

“பெர்சு, அதுக்குக் கண்ணு கெடையாது. காது மட்டுந்தான்” என்றான் குப்புராஜ்.

கலியன் மண்ணைக் கீழே வைத்துவிட்டு, அது எப்படி இருக்கிறது என்று விவரமாக வாயால் சொல்லத் தொடங்கினார்.

மணவாளன் மட்டும் தவித்தான். “ஐயா, இது பேச்சைப் பதியற பெட்டி இல்லைங்க” என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தான். நல நிலையத்துச் சட்டை போட்ட ஒருத்தன் இல்லை இல்லை என்று அத்தனை தடவை சொன்ன பிறகு, சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த இரண்டொருவரும் நிச்சயமாக நம்பிவிட்டார்கள்.

ஆலையில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். உலைப் பக்கம் ஃபோர்மேன் பரசுராமன். அவர் திட்டுவது ரயில்வே கேட் வரைக்கும் கேட்கும். தண்ணீர் குடிக்கப் போனால் ஒரு திட்டு, குடித்துவிட்டு வந்தால் ஒரு திட்டு. பெட்டியோடு குப்புராஜ் உள்ளே நுழைந்ததும் அவருக்குக் குரலே மாறிப்போயிற்று.

“தம்பி குப்புராஜ்! வாப்பா. கொஞ்சம் தள்ளி நில்லுப்பா, சூடு அடிக்கும். யார்றா அங்க... யாருப்பா அங்க, தம்பிக்கு மோர் குடுங்க.”

“மோரா?” என்று கேட்டான் பக்கத்தில் இருந்தவன்.

“எப்பவும் குடுக்கற மோர்தானப்பா!” என்று பெட்டியைப் பார்த்துக் கத்தினார் பரசுராமன்.

மோர் வந்தது. உப்புப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு. எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. மணவாளன் கைதட்டினான். குப்புராஜ் பந்தை அமுக்கினான். அவன் ரத்தம் ஓடிய ஓட்டத்தை அன்றைக்குப் பதிவு செய்த பெட்டி, ஏதோ மலை மேல் ஓய்வெடுக்கும் ஜமீன்தாரைப் பதிவு செய்கிறோம் என்று எண்ணியிருக்கும்.

ஜெயராஜும் விடவில்லை. குப்புராஜைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்து, பெட்டிக்கு நேராகக் குனிந்து உரக்கக் கேட்டார்.

“குப்புராஜ்! நம்ம கம்பெனியில உனக்கு ஏதாவது குறை உண்டா?”

“ஒண்ணும் இல்ல சார்” என்று குப்புராஜும் தன் நெஞ்சைப் பார்த்தே பதில் சொன்னான்.

“முதலாளி உன்னை மகன் மாதிரி நடத்தறாரா இல்லையா?”

“மகன் மாதிரி சார்.”

அந்த நேரம் பார்த்து டெலிபோன் மணி அடித்தது. மதராஸிலிருந்து அவர் மச்சான். டெலிபோனை எடுத்ததும் மனுஷருக்கு உலகமே மறந்துபோயிற்று. “முதலாளியா? அந்தாளுக்கு இரும்புக்கும் ஈயத்துக்கும் வித்தியாசம் தெரியாதுய்யா! நான் இல்லன்னா இந்த ஆலையை எடைக்குத்தான் போடணும். அத்தை சௌக்கியமா? ஃபேன் நல்லா ஓடுதா? ஓடும் ஓடும், உலைக்குன்னு வாங்கின ஃபேனாச்சே, ஊட்டையே தூக்கினு போவும்...” என்று சிரித்துக்கொண்டே திரும்பினார். நாற்காலியில் குப்புராஜ். குப்புராஜின் மடியில் பெட்டி.

டெலிபோனை வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை என்றான் குப்புராஜ்.

மறுநாள் உலைக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு ஃபேன் வந்து நின்றது. அதன் கம்பி வலையில் யார் வீட்டு மல்லிகைச் சரமோ ஒன்று காய்ந்து தொங்கியது.

வாரம் முடிந்தது. பெட்டியைக் கழற்றினார்கள். சின்னப்பொண்ணு அவனை நாலு தவலைத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினாள். அன்றைக்கு லட்சுமியம்மாள் தன் பழைய பூஜையை மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள். டேப்பெல்லாம் மதராஸ் போய் முடிவு வந்தது. நல நிலையத்தில் கமிட்டி கூடியது: டாக்டர், ஜெயராஜ், யதிராஜன். குப்புராஜை நிற்க வைத்தார்கள். சின்னப்பொண்ணு ஜன்னலுக்கு வெளியே நின்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

டாக்டர் முடிவை வாசித்தார். இதயத் துடிப்பு ஒழுங்கு. ரத்த அழுத்தம், காலேஜ் பையனுக்கு இருக்கும் அளவு. ஒரு இடத்தில்கூடப் பிசகு இல்லை.

“அப்போ விழுந்தது நடிப்பு” என்றார் ஜெயராஜ். அவர் முகத்தில் ஒரு வாரமாக இல்லாத தெளிவு.

“நடிப்பா என்பது மருத்துவக் கேள்வி அல்ல” என்றார் டாக்டர். “பதிவில் மயக்கம் இல்லை. பதிவில் இல்லாத மயக்கம் மயக்கம் ஆகாது.”

“எழுதிக்கலாமா?” என்றார் யதிராஜன். அவருக்கு நாலு மணி ரயிலைப் பிடிக்க வேண்டும்.

குப்புராஜ் ஓரடி முன்னால் வந்தான். “சார், ஒரு வார்த்த...”

“நோயாளி பேச வேண்டியதில்லை” என்றார் டாக்டர்.

“அந்த வாரம் மட்டும் எல்லாரும் நல்லவங்களா இருந்தாங்க சார்! மோர் குடுத்தாங்க. தள்ளி நிக்கச் சொன்னாங்க. ஃபேன் வந்துச்சு. இப்ப பெட்டியக் கழட்டினதும் மோரக் காணம். மறுபடி நெஞ்சு திக்குது சார். நான் சொல்றது பொய்யின்னா டேப்பப் போட்டுக் கேளுங்க. எல்லாம் அதுல இருக்குமே!”

“எல்லாம்னா?” என்றார் ஜெயராஜ்.

“அல்லாந்தான் சார். ஃபோர்மேன் பேசனது, நீங்க பேசனது, டெலிபோன்ல...”

ஜெயராஜ் கைக்குட்டையை எடுத்தார். யதிராஜன் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்த்தார்.

“ஸ்வாமி, வெளிப்படையாச் சொல்லுங்கோ. இந்தப் பெட்டி மனுஷா பேசறதையும் பதியுமா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டாக்டருக்கும் அது தெரியும். ஆனால் தன் பெட்டியால் ஆகாத காரியம் ஒன்று உண்டு என்பதைத் தன் வாயால், அதுவும் கமிட்டிக்கு முன்னால் சொல்வதா? அவர் எழுந்து நின்றார்.

“இந்தக் கருவியால் முடியாதது என்று ஒன்றை இந்த நிலையத்தில் இதுவரை யாரும் கண்டதில்லை. அதன் முழு ஆற்றலும் எனக்கே இன்னும் பிடிபடவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.”

யதிராஜன் தன் மாப்பிள்ளையை நினைத்தார். ஜெயராஜ் தன் மாமியாரை நினைத்தார்.

அதற்கப்புறம் கமிட்டி வெகு சீக்கிரம் வேலை செய்தது. தொழிலாளியின் அந்தரங்கத்தைக் காப்பது கம்பெனியின் கடமை என்று ஜெயராஜ் உருக்கமாகப் பேசினார்; டேப்புகள் முழுவதையும் தன் சொந்தப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்ளும் பாரத்தை அவரே ஏற்றுக்கொண்டார். உழைப்பாளியின் வியர்வையைப் பற்றி யதிராஜன் சொன்னார். குப்புராஜை நிரந்தரம் ஆக்குவதென்று முடிவாயிற்று.

டாக்டருக்கு மட்டும் ஒரு குறை. நோயாளி பேசியதை மருத்துவத்தில் எங்காவது சேர்க்க வேண்டுமே. யோசித்தார். பெட்டி மாட்டினால் நோய் இல்லை; பெட்டியைக் கழற்றினால் நெஞ்சு திக்குகிறது. அப்படியானால் பெட்டி கண்காணிப்புக் கருவி மட்டும் அல்ல, மருந்து! உலகத்திலேயே முதன்முதலாகக் கும்மிடிப்பூண்டியில் கண்டுபிடித்தது. நோயாளி தினமும் வேலை நேரத்தில் பெட்டியை அணிய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். டேப் கடல் தாண்டி வர வேண்டும், பேட்டரிக்கு லைசென்ஸ் வேண்டும். ஆகவே இரண்டும் இல்லாமல் அணிந்தால் போதும் என்றும் எழுதினார்.

இப்படியாகக் குப்புராஜ் காலிப் பெட்டியை மாட்டிக்கொண்டு உலைக்குப் போனான். மோர் திரும்பி வந்தது. ஃபோர்மேன் மறுபடியும் ‘தம்பி’ என்றார். பெட்டி காலி என்பது குப்புராஜுக்கும் சின்னப்பொண்ணுக்கும் மணவாளனுக்கும் தெரியும். மணவாளன் அதை முத்தம்மாவிடம் மட்டும் சொன்னான். அதனால் எங்களுக்கும் தெரியும். எங்கள் தெருவில் ரகசியத்தைக் காப்பாற்ற மாட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆலைக்காரர்கள் காதுக்கு அது போகவே இல்லை.

அடுத்த மாசத்துக்குள் உலைப் பக்கம் வேலை செய்த அத்தனை பேருக்கும் தலை சுற்றியது. எல்லோரும் நல நிலையத்து வாசலில் நின்றார்கள். எங்களுக்கும் பெட்டி வேண்டும். இருப்பதோ ஒன்று. ஜெயராஜ் ராத்தூக்கம் இல்லாமல் கணக்குப் பார்த்தார். இருபது பெட்டி வந்தால் இருபது காது. கடைசியில் எல்லோருக்கும் மோர், இன்னும் இரண்டு ஃபேன், முறை போட்டு ஓய்வு என்று உத்தரவு வந்தது. அதை வாசலில் ஒட்டிய அன்றே பெட்டியை நல நிலையத்துக்குத் திருப்பி வாங்கிப் பட்டுத்துணி போர்த்திவிட்டார்கள்.

நிரந்தர உத்தரவு குப்புராஜ் கைக்கு வந்தது. சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துவிட்டு, மறுநாளே சின்னப்பொண்ணு அவனை ரயிலேற்றி மதராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“அதான் நெஞ்சு நல்லாக்கீதுன்னு டேப்லயே வந்துருச்சே, இன்னும் இன்னாத்துக்குடி?” என்று லட்சுமியம்மாள் கேட்டாள்.

“நிரந்தரம் ஆவறதுக்கு முன்னாடி நெஞ்சுல கோளாறுன்னு தெரிஞ்சிருந்தா இன்னா ஆயிருக்கும்க்கா? இப்பத்தான நோவுன்னு வாயத் தொறந்து சொல்ல முடியும்.”

அங்கே ஒரு சின்ன வயசு டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாராம்; அப்புறம் ஒரு தடவை ஒயர் ஒட்டிப் பார்த்தாராம். துடிப்பில் அங்கங்கே ஒன்று தவறுகிறது, இனிமேல் உலைப் பக்கமே நிற்கக் கூடாது என்று சொல்லிச் சீட்டெழுதிக் கொடுத்துவிட்டார். நிரந்தரமான ஆளை அதற்காக வீட்டுக்கு அனுப்ப முடியாது. கேட்டுக்குப் பக்கத்தில் லாரிக்கு எடை போடும் இடத்தில் உட்கார வைத்தார்கள். விஷயம் காதுக்கு எட்டியதும் டாக்டர் ஸம்பத்குமார் கொஞ்சமும் கலங்கவில்லை. “அவர்கள் பார்த்தது வேறு ஏதோ இதயம். எங்கள் டேப்பில் உள்ள இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை” என்றார்.

டாக்டர் தன் கண்டுபிடிப்பை டில்லியில் வாசிக்கப் போனவர் அங்கேயே பெரிய உத்தியோகத்தில் தங்கிவிட்டார். ஜெயராஜ் வேறு ஆலைக்கு மாறி விசாகப்பட்டினம் போனார். பீரோவையும் கூடவே எடுத்துப் போனார். யதிராஜனின் மாப்பிள்ளைதான் இப்போது ஸ்டோர்கீப்பர். பெட்டிக்குத் துணி மாற்றுகிறார். மணவாளனுக்கும் முத்தம்மாவுக்கும் திருத்தணியில் கல்யாணம் நடந்தது. இரண்டு பேரும் திருவள்ளூரில் குடியிருக்கிறார்கள். எங்கே கிளம்பினாலும் கூடவே வருகிறான் என்று முத்தம்மா தாய் வீட்டுக்கு வரும்போதெல்லாம் குறைப்படுகிறாள். கலியன் நிலத்தை விற்றுவிட்டு மகளோடு நாயுடுபேட்டைப் பக்கம் போய்விட்டார்.

குப்புராஜும் சின்னப்பொண்ணும் பிள்ளைகளோடு கம்பெனி குவார்ட்டர்ஸுக்குப் போனார்கள். அவர்கள் இருந்த வீட்டுக்கு இப்போது புதுசாகக் கல்யாணமான ஒரு பையன் வந்திருக்கிறான். அதே ஆலை, அதே உலை, தற்காலிகம். போன வாரம் வேலை முடிந்து வந்து படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றான். “இன்னா தம்பி, தலைகிலை சுத்துதா?” என்று கேட்டோம்.

“சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமே கெடையாதுங்க” என்றான், சுவரை விடாமல்.